வகுப்பறையிலிருந்து நாடாளுமன்றத்திற்கு

நுழையும்முன்

விளைந்த பொருளுக்கு விலை சொல்லும் உரிமை உழவருக்கு இல்லாத காலம். வாக்களிக்கும் உரிமையே பெண்களுக்குப் புதிதாக இருந்த காலம். அக்காலத்தில் கனடா நாட்டுச் சிற்றூர் ஒன்றின் உழவர் குடும்பத்தில் பிறந்து, கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றி, அந்நாட்டின் நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் பெண்மணி ஆக்னஸ் மக்பெயில். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கனடா நாடு தன் கூட்டாட்சியின் 150ஆம் ஆண்டினை 2017ஆம் ஆண்டு கொண்டாடியபோது சிறப்புப் பத்து டாலர் தாள் ஒன்றை வெளியிட்டது. அதில் நால்வர் உருவங்கள் இடம்பெற்றன. ஒருவர் அந்நாட்டின் முதல் தலைமை அமைச்சர். இன்னொருவர் கூட்டாட்சியை உருவாக்கியதில் அவருக்குத் துணைநின்றவர். மற்றொருவர் தொல்குடி மக்களிலிருந்து மேலவைக்குச் சென்ற முதல் உறுப்பினர். நான்காமவர் ஒரு பெண். அவர் தலைமை அமைச்சராக இருந்ததில்லை, அமைச்சராகவும் இருந்ததில்லை, ஆளும் கட்சியின் வரிசையில் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. வாழ்நாளெல்லாம் எதிர்வரிசையில் இருந்தே பேசியவர். அவரே ஆக்னஸ் மக்பெயில்.

கல் நிலமும் கட்டை வீடும்

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் கிரே என்னும் மாவட்டம் உள்ளது. கற்கள் மலிந்த நிலம், நீண்ட பனிக்காலம். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மக்கள் காட்டைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி, வேலி கட்டி, விளைநிலம் ஆக்கிய பகுதி அது. அங்கே புரோட்டன் என்னும் வட்டாரத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு பண்ணை வீடொன்றில் 1890ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் ஆக்னஸ் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மூன்று பெண்மக்களுள் அவரே மூத்தவர். பின்னாளில் அக்குடும்பம் குடியேறிய பண்ணைக்கு அருகிலிருந்த சிற்றூரின் பெயர் சிலோன். நமக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவின் பழம்பெயர் பனி உறையும் கனடாச் சிற்றூர் ஒன்றுக்கும் வழங்கியது வியப்பளிக்கும் செய்தி.

தந்தை உழவர், பண்ணைப் பொருள்களையும் கால்நடைகளையும் ஏலம் விடும் தொழிலும் செய்தவர். ஏலம் விடுபவருக்குக் கூட்டத்தைக் கட்டிவைக்கும் நாவன்மை வேண்டும். சட்டென்று மறுமொழி சொல்லும் நகைச்சுவையும் வேண்டும். அவ்விரண்டையும் தந்தையிடமிருந்து ஆக்னஸ் பெற்றார். தாயிடமிருந்து பெற்றது வேறு. பொழுது புலருமுன் எழுந்து, பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, சமைத்து, துவைத்து, அறுவடைக் காலத்தில் வேலையாள்களுக்கும் உணவு ஆக்கி, இரவில் துணி தைக்கும் வாழ்வு உழவர் வீட்டுப் பெண்களுடையது. அவ்வளவு உழைப்புக்கும் ஒரு நாணயமும் கூலி இல்லை. நிலத்தின் மீதோ விளைச்சலின் மீதோ உரிமைப்பேச்சும் இல்லை. இதனைச் சிறுமி ஆக்னஸ் உற்றுநோக்கியே வளர்ந்தார். வீட்டுவேலை அவருக்குப் பிடிக்கவில்லை. உழைப்பு மிகுதி என்பதைவிட, அவ்வுழைப்பை யாரும் உழைப்பாக எண்ணவில்லை என்பதே அவரை உறுத்தியது.

தொடக்கக் கல்வி முடிந்ததும் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல விரும்பினார். பள்ளி இருந்ததோ தொலைவிலுள்ள ஓவன் சவுண்ட் நகரில். அங்கே தங்கிப் படிக்கப் பணம் வேண்டும். வீட்டில் வேலைக்கும் ஆள் வேண்டும். பெற்றோர் உடன்படவில்லை. இரண்டு ஆண்டுகள் பண்ணையிலேயே கழிந்தன. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. இறுதியில் பெற்றோர் இசைந்தனர். இழந்த காலத்தை ஈடுசெய்வார்போல உயர்நிலைப் படிப்பை விரைந்து முடித்த அவர், ஸ்டிராட்போர்டு நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1910ஆம் ஆண்டு சான்றிதழ் பெற்றார். ஐந்து பள்ளிகளுக்கு விண்ணப்பித்ததாகவும் ஐந்து பள்ளிகளுமே அவரை ஏற்க முன்வந்ததாகவும் கூறுவர்.

கிராமப் பள்ளி ஆசிரியர்

அக்காலக் கனடாக் கிராமப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒற்றை அறை. நடுவில் விறகடுப்பு, அதனைச் சுற்றி எழுத்தறியத் தொடங்கும் குழந்தை முதல் உயர்நிலைப் பள்ளிக்கு ஆயத்தமாகும் மாணவர் வரை எல்லா வகுப்பினரும் அமர்ந்திருப்பர். அத்தனை பேருக்கும் ஒரே ஆசிரியர். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பெரிய பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆசிரியர் ஊரில் ஏதேனும் ஒரு குடும்பத்தோடு தங்கி, உணவுக்கும் உறைவிடத்திற்கும் தம் ஊதியத்திலிருந்தே பணம் கொடுப்பார். இத்தகைய பள்ளிகள் பலவற்றில் ஆக்னஸ் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். மேற்கே அல்பர்ட்டா மாநிலப் புல்வெளிப் பகுதியிலும் சிறிது காலம் கற்பித்தார்.

கின்லாஸ் என்னும் ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டார் ஒரு கடை நடத்தினர். மாலை வேளைகளில் உழவர்கள் அங்குக் கூடுவர். நாளிதழைப் படித்து வாதிடுவர். பெண்கள் அத்தகைய பேச்சில் கலந்துகொள்வது வழக்கமில்லை. இளம் ஆசிரியரோ ஒதுங்கி நிற்கவில்லை. தாம் சொல்வதை ஆண்கள் நின்று கேட்கிறார்கள் என்பதையும், தமது வாதத்திற்கு எதிர்வாதம் செய்யத் திணறுகிறார்கள் என்பதையும் அவர் கண்டுகொண்ட இடம் அந்தக் கடைதான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தராத பயிற்சியை மளிகைக்கடை தந்தது எனலாம்.

பின்னர் ஷாரன் என்னும் ஊரில் ஆசிரியரானார். அங்கிருந்தபோதுதான் அவர் உழவர் இயக்கத்தில் சேர்ந்தார்.

உழவர் எழுச்சி

அந்நாளைய உழவர் மனக்குறையை அறியாமல் ஆக்னஸின் அரசியலை அறிய இயலாது. கனடா அரசு உள்நாட்டுத் தொழிற்சாலைகளைக் காப்பதற்காக அயல்நாட்டுப் பொருள்கள்மீது உயர்ந்த இறக்குமதி வரி விதித்திருந்தது. அதனால் கலப்பை, அறுவடை எந்திரம் முதலியவற்றைக் கூடுதல் விலை கொடுத்தே உழவர் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் விளைவித்த கோதுமைக்கும் வளர்த்த கால்நடைக்கும் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. உலகச் சந்தை சொன்னதே விலை. வாங்கும்போதும் பிறர் சொன்ன விலை, விற்கும்போதும் பிறர் சொன்ன விலை. கிராமத்து இளைஞர்கள் நிலத்தை விட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர்.

இந்நிலையில் 1914ஆம் ஆண்டு ஒண்டாரியோ ஐக்கிய உழவர் அமைப்பு தோன்றியது. கூட்டுறவு முறையில் பொருள்களை வாங்கவும் விற்கவும் அது வழிசெய்தது. முதல் உலகப்போரின்போது கட்டாயப் படைச் சேர்ப்பிலிருந்து உழவர் மக்களுக்கு விலக்கு உண்டு என அரசு உறுதியளித்திருந்தது. 1918ஆம் ஆண்டு அவ்வுறுதியை விலக்கிக்கொண்டது. விதைப்புக் காலத்தில் ஏர்பிடிக்கும் மகனைப் போர்முனைக்கு இழந்த வீடுகள் கொதித்தன. மறு ஆண்டு நடந்த மாநிலத் தேர்தலில், அரசியல் பழக்கமே இல்லாத அந்த உழவர் அமைப்பு மற்றெல்லாக் கட்சிகளையும்விட மிகுந்த இடங்களைப் பெற்று ஆட்சியமைத்தது.

அமைப்பின் செய்தித்தாளில் ஆக்னஸ் எழுதினார். ஊர்தோறும் சென்று பேசினார். உழவர் வீட்டுப் பெண்களைத் திரட்டினார். உழவனின் உழைப்பைச் சந்தை மதிக்கவில்லை என்று ஆண்கள் குமுறிய மேடைகளில், உழத்தியின் உழைப்பை உழவனே மதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தனர். சிரித்துவிட்டுச் சிந்தித்தவர்களும் உண்டு.

பதின்மரை வென்றவர்

கனடாவில் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1918ஆம் ஆண்டு பெற்றனர். போட்டியிடும் உரிமையை 1919இல் பெற்றனர். அவ்வுரிமையும் எல்லார்க்கும் கிட்டியதன்று. தொல்குடி மக்கள் பலருக்கு 1960ஆம் ஆண்டு வரை வாக்கில்லை. பிரிட்டிசு கொலம்பியாவில் குடியேறியிருந்த இந்தியரும் 1947ஆம் ஆண்டு வரை காத்திருந்தனர்.

1921ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குத் தென்கிழக்குக் கிரே தொகுதியின் வேட்பாளரைத் தெரிவுசெய்ய உழவர் பேராளர்கள் டர்ஹாம் என்னும் ஊரில் கூடினர். பதின்மர் ஆண்கள் போட்டியிட, பதினோராவது பெயராக ஆக்னஸின் பெயர் முன்மொழியப்பட்டது. வாக்குகளை எண்ணியபோது வென்றவர் ஆக்னஸ். முடிவு வெளியானதும் தொகுதியெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தொகுதியில் ஆண்மகன் ஒருவனும் கிடைக்கவில்லையா எனக் கேட்டனர். அமைப்பின் பொறுப்பாளர்களே அவரை அழைத்து விலகிக்கொள்ளுமாறு வேண்டினர். முறைப்படி தெரிவான தாம் விலகப்போவதில்லை என மறுத்துவிட்டார்.

பிறகு நடந்ததே அவருடைய அரசியலின் உண்மையான நுழைவுத்தேர்வு. இரண்டு மாதம் தொகுதி முழுவதும் சுற்றினார். பள்ளிக்கூடங்களிலும் ஊர்ப் பொது மன்றங்களிலும் பேசினார். கூட்டத்தில் யாரேனும் கேலி செய்தால், ஏலக்காரர் மகளிடமிருந்து உடனுக்குடன் விடை கிடைக்கும். கேலி செய்தவரே சிரிக்க நேரும். பெண் என்பதற்காக வாக்குக் கேட்கவில்லை. இறக்குமதி வரியைப் பற்றியும் பண்ணைக் கடனைப் பற்றியும் தெளிவுறப் பேசினார். 1921 டிசம்பர் 6ஆம் நாள் நடந்த தேர்தலில் வெற்றி பெற்றார். உழவர் ஆதரவு பெற்ற முற்போக்குக் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார்.

234 பேரும் ஒருவரும்

கனடா மக்களவையின் 235 உறுப்பினருள் 234 பேர் ஆண்கள். 1922ஆம் ஆண்டு அவை கூடிய முதல் நாளில் தம் மேசையில் அழகிய மலர்ச்செண்டு ஒன்றைக் கண்டார் ஆக்னஸ். வரவேற்புக் கொடை என எண்ணி மகிழ்ந்தார். பிறகுதான் உண்மை தெரிந்தது. அவர் வெல்லமாட்டார் எனப் பந்தயம் கட்டித் தோற்ற உறுப்பினர் ஒருவர் செலுத்திய பந்தயப் பொருள் அது.

அவர் பேசியதை எழுதுவதற்கு முன்னர் அவர் உடுத்தியிருந்ததைச் செய்தியாளர்கள் எழுதினர். ஆடையின் நிறமும் தொப்பி அணியாமையும் செய்தியாயின. அவையின் உணவறைக்குச் சென்றால் அனைவரும் உற்றுப்பார்ப்பர். ஆதலால் வெளியே சென்று உண்ணத் தொடங்கினார். முதல் மாதத்திலேயே உடல் மெலிந்தது. ஆடவர் கூடி உரையாடும் அறைகளில்தான் அரசியலின் பாதி நடக்கும். அவ்வறைகளில் அவருக்கு இடமில்லை. தனிமை அவரைக் கடுமையாக வாட்டியது. அவருடைய சொல் கூர்மையாகவும் சில வேளைகளில் சுடுவதாகவும் அமைந்ததற்கு இத்தனிமையும் காரணமாகலாம். நயமாகப் பேசிக் காரியம் முடிக்கும் கலையை அவர் முழுமையாகக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இரண்டாவது பெண் உறுப்பினர் ஒருவர் அவ்வவைக்கு வந்தது 1935ஆம் ஆண்டில். அதுவரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவர் ஒருவரே.

தாம் உழவர்களின் பேராளராக வந்தவர், பெண்களின் பேராளராக வரவில்லை என்பதே தொடக்கத்தில் அவர் கொண்ட நிலை. ஆனால் தொகுதி கடந்து, மாநிலம் கடந்து, நாடெங்கிலுமிருந்து பெண்கள் அவருக்கு மடல் எழுதினர். அவர்களுக்கு வேறு யார் இருந்தார்? 1925ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நெறி வேண்டும் என்னும் விவாதம் எழுந்தபோது, பெண்ணை இல்லத்தின் தேவதை எனப் போற்றிப் பேசினர் சில உறுப்பினர். தமக்குத் தேவதைப் பட்டம் வேண்டியதில்லை எனவும், தமக்கும் பிற பெண்களுக்கும் வேண்டியது குறைவற்ற சமத்துவமே எனவும் ஆக்னஸ் அவைக்கு அறிவித்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. விரும்பிக் கேட்டவர்கள் இருந்தனர். பொதுவாழ்வை விட்டுவிடாமல் மணவாழ்வு நடத்த அக்காலச் சமூகம் இடம்கொடாது என்பதை உணர்ந்து அவர் தனித்தே வாழ்ந்தார்.

கட்சிக் கட்டுப்பாடும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1924ஆம் ஆண்டு முற்போக்குக் கட்சியின் தலைமையோடு முரண்பட்டு ஆறு உறுப்பினர்கள் வெளியேறினர். அவர்களுள் ஆக்னஸும் ஒருவர். தொழிலாளர் தலைவர் உட்ஸ்வொர்த்துடன் சேர்ந்து அவர்கள் இயங்கினர். அவையில் உறைப்பாகப் பேசியதால் போலும், அக்குழுவிற்கு இஞ்சிக் குழு என்றே பெயர் வழங்கியது. 70 வயது கடந்த முதியோர்க்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1927ஆம் ஆண்டு நிறைவேறியதற்கு உட்ஸ்வொர்த்தும் அவர் தோழர்களும் விடாது வற்புறுத்தியது ஒரு முதன்மைக் காரணம்.

நேரில் காணும் பழக்கம்

நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1925ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்தனர். சுரங்க நிறுவனத்தின் கடைகள் அவர்களுக்குக் கடன் தர மறுத்தன, பட்டினி பரவியது. தலைநகரில் அறிக்கைகள் படிக்கப்பட்டன. ஆக்னஸ் தொடர்வண்டி ஏறிக் கிளேஸ் பே என்னும் சுரங்க ஊருக்கே சென்றார். தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்து அடுக்களையைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், குழந்தைகளின் காலில் செருப்பு உண்டா எனப் பார்த்தார். திரும்பிவந்து கண்டதைக் கண்டவாறே அவையில் எடுத்துரைத்தார். பிறர் கணக்கை நம்பாமல் தாமே விடைத்தாளைத் திருத்திப் பார்க்கும் ஆசிரியர் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

இப்பழக்கமே அவரை அவர் வாழ்வின் பெரும்பணிக்கும் இட்டுச்சென்றது.

சிறைக்கதவின் முன்

ஒண்டாரியோவின் கிங்ஸ்டன் நகரில் 1835ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த பெருஞ்சிறை ஒன்று உண்டு. உயர்ந்த கல்மதில், உள்ளே பேசாமைக் கட்டுப்பாடு. கைதிகள் ஒருவரோடொருவர் பேசுவது குற்றம். தோல்வாரால் அடிப்பது ஏற்கப்பட்ட தண்டனை. முதன்முறை தவறிய இளைஞனும் குற்றத்திலேயே ஊறிய முதியவனும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டனர். பலருக்குச் செய்வதற்கு வேலையும் இல்லை.

அச்சிறையைப் பார்க்கச் சென்ற ஆக்னஸை வாயிற்காவலர் தடுத்தனராம். சீமாட்டிகளுக்கு உள்ளே அனுமதியில்லை என்றனராம். தாம் சீமாட்டி அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று விடையிறுத்துவிட்டு அவர் உள்ளே சென்றார் என்பது கனடாவில் வழங்கும் கதை.

உள்ளே அவர் கண்டவற்றுள் அவரை மிகுதியும் தாக்கியது அடியும் இருளும் மட்டுமல்ல, வேலையின்மையும்தான். வலிமையுள்ள மனிதர் நாள் முழுவதும் வெறுமனே அமர்ந்திருந்தனர். அவர்களுடைய மனைவி மக்களோ வெளியே வருவாயின்றித் தவித்தனர். குற்றம் செய்தவன் ஒருவன். பட்டினி கிடப்பவர் வேறு. கைதிகளுக்குப் போதிய வேலை தரவேண்டும். அவ்வேலைக்குக் கூலி தரவேண்டும். அக்கூலி அவர்தம் குடும்பத்தைச் சேரவேண்டும் என அவர் அவையில் தீர்மானம் கொணர்ந்தார். தாயின் உழைப்புக்கும் உழவனின் உழைப்புக்கும் கேட்ட அதே கேள்வியை இப்போது கைதிக்காகக் கேட்டார்.

தொகுதியில் இதற்கு வரவேற்பு இல்லை. திருடருக்கும் கொலைஞருக்கும் பரிந்துபேசவா உழவர்கள் இவரை அனுப்பினார்கள் எனப் பலர் கேட்டனர். கைதிகளுக்கு வாக்கில்லை, அவர்களுக்காகப் பேசுவதால் அரசியல்வாதி பெறுவது ஒன்றுமில்லை, இழப்பதோ மிகுதி. அமைச்சர்கள் அவரை எள்ளினர். முன்னாள் கைதிகளின் சொல்லை நம்பி மோசம் போகிறார் என்றனர். ஆக்னஸ் ஆண்டுதோறும் அதே கோரிக்கையுடன் எழுந்து நின்றார்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கிங்ஸ்டன் சிறையில் கலகம் வெடித்தது. அதனைத் தொடர்ந்து நாட்டின் பிற சிறைகளிலும் கலகங்கள் மூண்டன. தனி விசாரணை வேண்டுமென்ற ஆக்னஸின் குரலை அன்றைய அரசு ஏற்கவில்லை. ஆட்சி மாறியபின் 1936ஆம் ஆண்டு நீதிபதி ஆர்ச்சாம்போ தலைமையில் அரசு ஆணையம் அமைக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை 88 பரிந்துரைகளை முன்வைத்தது. தண்டிப்பதோடு நில்லாமல் மனிதனைத் திருத்துவதே சிறையின் நோக்கமாக வேண்டும் என்பது அவற்றின் சாரம். இளங்குற்றவாளிகளைத் தனியே வைத்தல், தொழிற்பயிற்சி அளித்தல், தக்க பயிற்சி பெற்றவரையே காவலராக அமர்த்தல் என அவர் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தவை அரசின் முத்திரையோடு அச்சேறின. ஆனால் உடனே இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர் முடிந்த பின்னரே சீர்திருத்தம் மெல்லத் தொடங்கியது. சிறைப்பட்ட பெண்களுக்கு உதவும் எலிசபெத் ஃபிரை சங்கம் கனடாவில் வேரூன்ற உழைத்தவர்களுள்ளும் ஆக்னஸ் ஒருவர்.

போரும் அமைதியும்

ஆக்னஸ் போரை வெறுத்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படைப்பயிற்சி தருவதை எதிர்த்தார். படைக் கல்லூரிக்குப் பணம் ஒதுக்குவதையும் எதிர்த்தார். 1929ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுச் சங்கப் பேரவைக்குக் கனடாவின் பேராளருள் ஒருவராக அனுப்பப்பட்டார். பெண் பேராளர் என்றால் மகளிர், குழந்தைகள் நலக் குழுவில் அமர்த்துவது அங்கு வழக்கம். அவ்வழக்கத்தை ஏற்க மறுத்துப் படைக்கலக் குறைப்புக் குழுவிலேயே தமக்கு இடம் வேண்டுமென வற்புறுத்திப் பெற்றார்.

பத்தாண்டுகள் கழிந்து 1939 செப்டம்பரில் போரில் இறங்குவதா என்னும் வினா கனடா நாடாளுமன்றத்தின் முன் வந்தது. அவருடைய நெடுநாள் தோழர் உட்ஸ்வொர்த் தம் கட்சியையும் மீறிப் போரை எதிர்த்துப் பேசினார். ஆக்னஸ் அவரோடு நிற்கவில்லை. போருக்கு ஆதரவாகவே வாக்களித்தார். இட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கத் தொடங்கிய வேளையில் அமைதிக் கொள்கை ஒன்றே போதுமென அவரால் நம்ப முடியவில்லை. வாழ்நாள் கொள்கைக்கு மாறான அவ்வாக்கு அவருக்கு எளிதாக இருந்திராது. அவரைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. கொள்கையும் காலமும் முட்டிக்கொள்ளும்போது நேர்மையானவர்களே வெவ்வேறு பக்கம் நிற்க நேரும் என்பதற்கு அந்த நாள் சான்று.

கட்சி வாழ்விலும் அவர் வழி நேர்கோடாக இல்லை. உழவரும் தொழிலாளரும் இணைந்து 1932ஆம் ஆண்டு உருவாக்கிய கூட்டுறவுக் குடியரசுக் கூட்டமைப்பில் ஒண்டாரியோ உழவர்களை இணைத்தார். பொதுவுடைமையாளர் செல்வாக்கு மிகுகிறது என அஞ்சி உழவர் அமைப்பு ஈராண்டில் அதிலிருந்து விலகியபோது தாமும் உடன் விலகினார். பின்னாளில் மீண்டும் அக்கட்சிக்கே திரும்பினார்.

தோல்விக்குப் பின்

1940ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆக்னஸ் தோற்றார். பதினெட்டு ஆண்டுக்கு மேற்பட்ட நாடாளுமன்ற வாழ்வு முடிவுற்றது. வயது ஐம்பது. தங்கிவாழச் சேமிப்பில்லை, கற்பித்தல் பணியை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. டொராண்டோ நாளிதழ் ஒன்றில் வேளாண்மை பற்றிய பத்தி எழுதியும் மேடைகளில் பேசியும் வாழ்ந்தார்.

1943ஆம் ஆண்டு டொராண்டோவை அடுத்த கிழக்கு யார்க் தொகுதியிலிருந்து ஒண்டாரியோ மாநிலச் சட்டமன்றத்திற்குத் தெரிவானார். அத்தேர்தலில் வென்ற இரு பெண்களே அச்சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர்கள். அவர்களுள் முதலில் உறுதிமொழி ஏற்றவர் ஆக்னஸ். கிராமத்து உழவரின் குரலாக வந்தவர் இப்போது நகரத் தொழிலாளரின் குரலானார். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணியாற்றினர். ஒரே எந்திரத்தில் ஒரே வேலையைச் செய்த ஆணுக்கு ஒரு கூலி. பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி. இம்முறையை எதிர்த்து அவரும் அவர் கட்சியினரும் தொடர்ந்து போராடினர். 1945இல் தோற்று 1948இல் மீண்டும் வென்றார். 1951ஆம் ஆண்டு ஒண்டாரியோ அரசு சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கனடாவில் இத்தகைய முதற்சட்டம் அதுவே. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலை செய்வோர்க்கு மட்டுமே அது பொருந்தியது. பெண்கள் மட்டுமே பார்த்த குறைகூலி வேலைகளை அது தொடவில்லை. அச்சட்டம் வந்த ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் ஆக்னஸ் மீண்டும் தோற்றார். அதன்பின் அவர் போட்டியிடவில்லை.

மேலவை உறுப்பினராக அவரை அமர்த்தவேண்டுமெனப் பலர் அரசை வேண்டினர். பெண்களும் மேலவையில் அமரத் தகுந்தோரே என்னும் தீர்ப்பு 1929ஆம் ஆண்டே வந்துவிட்டது. மறு ஆண்டே ஒரு பெண் அங்கு அமர்ந்தும்விட்டார். ஆக்னஸுக்கான அழைப்பு மட்டும் நீண்டகாலம் வரவில்லை. அது வரவிருக்கிறது என்னும் பேச்சு எழுந்த வேளையில், 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் டொராண்டோவில் அவர் காலமானார். அப்போது கனடா மக்களவையில் நான்கு பெண்கள் இருந்தனர். கிரே மாவட்டத்தில் பிரைஸ்வில் ஊருக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், அவர் பெற்றோர் துயிலும் இடத்தை அடுத்து அவரை அடக்கம் செய்தனர்.